புது கியர் வரட்டும் என்று இருக்கலாமா?

சைக்கிள் கேள்வி-பதில்

வங்கி ஊழியர், அஸ்தம்பட்டி: ஐயா, எனக்கு வயது 41. ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ரோடு பைக் ஒன்று வைத்திருக்கிறேன். ஜப்பான் கம்பெனி ஷிமானோவின் கிளாரிஸ் கியர். முன்னால் 50 பல், 34 பல் என இரண்டு பல்சக்கரம். பின்னால் எட்டு, அவற்றில் பெரியது 28 பல். ரிம் பிரேக். ஏற்காடு மலையில் எட்டாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் ஒவ்வொரு முறையும் இறங்கித் தள்ளுகிறேன். கியரை மொத்தமாக மாற்றிவிடலாம் என்று பணம் சேர்த்தேன். இப்போது நண்பர்கள் தடுக்கிறார்கள். ஷிமானோவிலேயே ‘க்யூஸ்’ என்று புது கியர் வந்திருக்கிறது, வளைந்த ஹேண்டில்பாருக்கும் வந்துவிட்டது, இன்னும் ஓராண்டு பொறுத்தால் விலையும் இறங்கும், அதைவிட நல்லதும் வரும் என்கிறார்கள். பொறுக்கட்டுமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஜப்பான்காரன் அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் செயின் எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. ஆறு ஆண்டுகளில் அதை எத்தனை முறை மாற்றினீர்கள்? ஒரு முறையும் இல்லை என்பதுதான் பதில் என்றால், உங்களுக்கு வேண்டிய புதுப் பொருள் எது என்று இப்போதே தெரிந்துவிட்டது.

பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று எடுங்கள், 12 அங்குல ஸ்கேல். செயினில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் நடுவே அரை அங்குலம். ஸ்கேலின் தொடக்கக் கோட்டை ஓர் ஆணியின் நடுவில் வைத்தால், புதுச் செயினில் 12 அங்குலக் கோடும் சரியாக ஓர் ஆணியின் நடுவில் விழும். அந்த ஆணி கோட்டைத் தாண்டி வீசம் அங்குலம் போயிருந்தால் செயினை மாற்றுங்கள். அரைக்கால் அங்குலம் போயிருந்தால் செயினோடு கேசட்டும், அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கும், போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். (வீசம் என்றால் பதினாறில் ஒன்று, அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. எங்கள் அப்பா கடையில் இந்தச் சொற்களில்தான் கணக்கு நடந்தது. இன்றைக்குச் சொன்னால் கடைப் பையன் என்னை வேற்று நாட்டான் மாதிரி பார்க்கிறான்.)

அளந்துவிட்டீர்களா? இப்போது மலைக்கு வருவோம்.

அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஊர் வரை சுமார் 20 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். அதற்குள் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள். அதாவது 100 மீட்டர் போனால் 5 மீட்டர் ஏற்றம். இது சராசரிதான். வளைவில் கதை வேறு. நாம் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள். வலப்பக்கம் திரும்பும் வளைவில் வெளிவட்டத்தில் போவதால் ஏற்றம் சாதுவாக இருக்கும். இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்வட்டத்தில் மாட்டிக்கொள்வோம். அங்கே சாலை சுவர் மாதிரி நிற்கும். நீங்கள் இறங்குவது இடது வளைவு ஒன்றில்தான் என்று பந்தயம் கட்டுகிறேன்.

உங்கள் மிக லேசான கியர் முன்னால் 34, பின்னால் 28. பெடலை ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒன்றே கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். சைக்கிள் இரண்டரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர். அந்த வேகத்தை மலை முழுக்கப் பிடிக்க உங்கள் காலில் வலு இல்லை என்பதால் சுற்று 40-க்கு இறங்குகிறது. முட்டி ஒவ்வொரு மிதிக்கும் பாரம் தூக்குகிறது. எட்டாவது வளைவில் அது வேலைநிறுத்தம் செய்கிறது. இதே இடத்தில் பின்னால் 34 பல் இருந்தால் பெடல் ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று. அதே 60 மிதிக்கு வேகம் ஏழரை கிலோமீட்டர். மிதிக்கும் பாரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும். மேலே போய்ச் சேர அரை மணி கூடுதலாகலாம். ஆகட்டும், தள்ளிக்கொண்டு போவதைவிட அது வேகம்.

ஆக உங்களுக்கும் மலைக்கும் நடுவே இருப்பது ஆறு பல். அந்த ஆறு பல்லுக்கு ஒரு தலைமுறை கியர் மாற வேண்டியதில்லை. எட்டு கியர் கேசட் 11-இலிருந்து 34 பல் வரை கிடைக்கிறது. உங்கள் சைக்கிளில் செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் டீரெய்லரின் முதுகில் ஓர் எண் அச்சாகியிருக்கும். அதை எழுதிக்கொண்டு கடைக்குப் போனால் அது எத்தனை பல் வரை தாங்கும் என்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள். தாங்காத குட்டை வகையாக இருந்தாலும் கலங்க வேண்டாம். மலை சைக்கிளுக்கான ஆல்டஸ், அசெரா வரிசையின் பழைய எட்டு கியர் டீரெய்லர், நீளமான கூண்டு உள்ளது, உங்கள் கிளாரிஸ் லீவரோடு பொருந்தி ஓடும். லீவரை ஒரு முறை தட்டினால் எவ்வளவு ஒயர் இழுபடுகிறது, அதற்கு டீரெய்லர் எவ்வளவு நகர்கிறது என்பதுதான் விஷயம். அந்தக் கணக்கை ஷிமானோ ரோடு, மலை இரண்டுக்கும் எட்டு, ஒன்பது கியர் காலத்தில் ஒன்றாகவே வைத்திருந்தான். அவன் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று. பிற்பாடு அதையும் கெடுத்துவிட்டான்.

கேசட், செயின், தேவைப்பட்டால் டீரெய்லர். கூடவே கியர் ஒயரையும் அதன் மேல் உறையையும் மாற்றச் சொல்லுங்கள். பாதிப் பேர் கியர் பழசாகிவிட்டது என்று என்னிடம் கொண்டுவரும் சைக்கிளில் பழசானது ஒயர் மட்டும்தான். உறைக்குள் துருவும் தூசியும் சேர்ந்து ஒயர் திணறும். கியர் விழத் தயங்கும். ஒயரை மாற்றிக் கொடுத்தால் “என்ன ஐயா, புது கியர் போட்டுவிட்டீர்களா?” என்பார்கள். நான் சிரித்துவிட்டுக் கூலியை மட்டும் வாங்கிக்கொள்வேன்.

இனி க்யூஸ். அதைக் குறை சொல்ல மாட்டேன். 2023-இல் நேரான ஹேண்டில்பார் சைக்கிள்களுக்கு வந்தது. 2025 தொடக்கத்தில் வளைந்த ஹேண்டில்பாருக்கும் அறிவித்தார்கள். ஆல்டஸ், அசெரா, அலிவியோ என்று பல பெயரில் கிடந்த கீழ்த்தட்டு வரிசைகளை ஒரு குடைக்குள் கொண்டுவரும் முயற்சி. அதன் கேசட்டுக்கு லிங்க்கிளைட் என்று பெயர். பல் தடிமனானது; பழைய ஹைப்பர்கிளைடு கேசட்டைவிட மூன்று மடங்கு உழைக்கும் என்பது ஷிமானோ சொல்லும் கணக்கு. எடை கூடுதல். மழையிலும் சேற்றிலும் தினம் வேலைக்குப் போகிறவருக்கு அருமையான பொருள். ஆனால் உங்கள் பழைய பாகங்களோடு அது ஒட்டாது. பல்லுக்குப் பல் இடைவெளி வேறு, ஒயர் இழுக்கும் கணக்கு வேறு. லீவர், டீரெய்லர், கேசட், செயின் எல்லாம் சேர்ந்தே வந்தாக வேண்டும். ஆறு பல்லுக்காக அவ்வளவு செலவா என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். வங்கிக்காரர், வட்டியும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள்.

எங்கள் அப்பா அம்மாபேட்டையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அந்தக் கடையில் எந்த ஃப்ரீவீலும் எந்தச் சக்கரத்திலும் ஏறியது. ஒரு சைக்கிள் படுத்துவிட்டால் அதன் உறுப்பு மற்ற நான்கு சைக்கிளில் உயிர் வாழும். இப்போது பாருங்கள்: பத்து கியர் வரைக்கும் ஒரு ஹப் (கேசட் ஏறும் சக்கர நடுப்பாகம்), ரோடு சைக்கிளில் பதினொன்று என்றால் அதைவிட 1.85 மில்லிமீட்டர் நீளமான ஹப், மலை சைக்கிளில் பன்னிரண்டு என்றால் வரிப்பள்ளமே வேறு மாதிரி. 1.85! இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த இடைவெளிக்குள் எத்தனை பேருடைய பழைய சக்கரங்கள் வீணாயின என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். புதிது என்று எது வந்தாலும், அது என் சைக்கிளில் எதை எதை வெளியே தள்ளும் என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். 2021 ஆகஸ்ட் கடைசி நாளில் தன் மேல்தட்டு ரோடு வரிசைகளான டியூரா-ஏஸ், அல்டெக்ரா இரண்டிலும் பன்னிரண்டு கியர் என்று ஷிமானோ அறிவித்தது. என் சைக்கிளில் இருந்தது அவற்றுக்கு அடுத்த கீழ் வரிசையான 105, பத்து கியர். மேல்தட்டில் வந்தது சீக்கிரமே 105-க்கும் இறங்கும், அப்போது ஒரேயடியாக மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவுகட்டினேன். அதற்குள் எதற்கு ஒரு செயினுக்குச் செலவழிப்பது என்று, கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஸ்கேல் வைத்து அளந்து காட்டுகிற நான், என் செயினை அளக்காமலே விட்டேன். 2022-இல் 105-க்குப் பன்னிரண்டு வந்தது. பேட்டரியில் ஓடும் கியர் மட்டும். எனக்கு ஒயர் கியர்தான் வேண்டும், மறுபடி காத்திருந்தேன். அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு விடியற்காலை, மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. பதினோராவது வளைவில் எழுந்து நின்று மிதித்தபோது செயின் பல்லைத் தாண்டிக் குதித்தது. கால் சரேலென்று கீழே போனது, முட்டி ஹேண்டில்பாரில் இடித்தது. பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹாரன் அடிக்காமல் பொறுமையாக நின்றார். அவர் நன்றாக இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து அளந்தால் செயின் அரைக்கால் அங்குலத்தையும் தாண்டியிருந்தது. கேசட்டின் பற்கள் சுறாமீன் பல் மாதிரி சாய்ந்திருந்தன. முன்னால் இருந்த செயின்வீல் இரண்டும் போயிருந்தன. ஒரு செயினை மிச்சம் பிடிக்கப் போய் நான்கு பொருளுக்குப் பணம் கொடுத்தேன்.

கதை அதோடு முடியவில்லை. 2023-இல் நான் தவம் கிடந்த ஒயர் கியர் 105, பன்னிரண்டு, வந்தே விட்டது. டிஸ்க் பிரேக்குக்கு மட்டும். என் ஃபிரேமோ ரிம் பிரேக். “வராத விருந்தாளிக்காக உலை வைக்காமல் இருந்தீர்கள், வந்தவரும் சைவமாம்” என்றார் என் மனைவி. அந்த வீட்டில் அந்த வாரம் நான் அதிகம் பேசவில்லை.

நண்பர்கள் சொல்லும் அந்த ‘ஓராண்டு’ எங்கிருந்து வந்தது? டியூரா-ஏஸ் புதுத் தலைமுறைகள் அறிவிக்கப்பட்ட ஆண்டுகள் 2008, 2012, 2016, 2021. நான்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை. கீழ் வரிசைக்கு அது இறங்க மேலும் ஒன்றிரண்டு ஆண்டு. சில சமயம் இறங்கும்போது உருமாறி இறங்கும். அடுத்தது வந்த மறுநாளே அதற்கு அடுத்ததைப் பற்றிப் பேச்சு கிளம்பும். உங்கள் நண்பர்கள் அப்போதும் பொறுக்கச் சொல்வார்கள். விலை இறங்கும் என்பது பழைய சரக்கு தீரும் காலத்தில் உண்மைதான். ஆனால் நமக்கு வேண்டிய அளவு அந்த மிச்சத்தில் இருக்குமா என்பது நம் அதிர்ஷ்டம். கடைசியில் 25 பல் வரை மட்டும் உள்ள கேசட் ஒன்று சல்லிசாகக் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு ஏற்காடு போக முடியுமா?

ஒரே ஓர் இடத்தில் உங்கள் நண்பர்கள் பக்கம் நிற்கிறேன். முழு சைக்கிளையே மாற்றப்போகிறீர்கள் என்றால் அவசரப்படாதீர்கள். சேர்த்த பணத்தில் பெரும்பகுதியைத் தொடாமல் வையுங்கள். டிஸ்க் பிரேக், அகல டயருக்கு இடம் உள்ள ஃபிரேம், அதில் அன்றைக்கு வரும் கியர் என்று ஒரு நாள் மொத்தமாக எடுங்கள். பழைய ஃபிரேமில் புது கியரை ஏற்றுவதைவிட அதுதான் காசுக்குப் பெறும். அதுவரை இந்த ஆறு பல்லோடு ஏறுங்கள்.

இடது வளைவில், வண்டி எதுவும் வரவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கொஞ்சம் வெளியே விலகிப் போங்கள். தெரியாவிட்டால் ஓரத்திலேயே முக்குங்கள்.

ஆசிரியை, ஆத்தூர்: வரி குறையும் வரை சைக்கிள் வாங்காதே என்று 2025-இல் என் தம்பி பிடிவாதமாக நிறுத்தினான். அவன் சொன்னது சரியா? நீங்கள்தான் காத்திருப்பதையே திட்டுகிறவராயிற்றே.

பதில்: உங்கள் தம்பிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரி பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆனது. வரி சேர்க்காமல் 20,000 ரூபாய் சைக்கிள் என்றால் 22,400 கொடுத்திருப்பீர்கள், இப்போது 21,000. கையில் 1,400 மிச்சம். நல்ல ஹெல்மெட்டும் பம்பும் வாங்கலாம். தேதி தெரிந்த காத்திருப்புக்கு நான் எதிரி இல்லை, அம்மா. பஸ் ஏழரைக்கு என்று தெரிந்தால் ஏழேகால் வரை நானும் திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

எஸ்டேட் வேலைக்காரர், ஏற்காடு: அண்ணா, வாரம் இரண்டு முறை சைக்கிளில் சேலத்துக்கு இறங்குகிறேன். ரிம் பிரேக் பயமாக இருக்கிறது. டிஸ்க் போட்டுக்கொள்ளலாமா? அல்லது பிரேக்கிலும் புது மாடல் ஏதாவது வருகிறதா?

பதில்: உங்கள் ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் டிஸ்க் பிரேக் மாட்டும் துளைகள் இல்லை என்றால் அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். வெல்டிங் பட்டறையில் பற்றவைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தத் தெரு வழியாகக்கூடப் போகாதீர்கள். ஃபோர்க் அந்த இழுப்புக்குச் செய்யப்பட்டதில்லை.

உங்கள் கேள்விதான் இந்த இதழிலேயே அவசரமானது. ஏறும்போது கியர் ஏமாற்றினால் நடந்துவிடலாம். இறங்கும்போது பிரேக் ஏமாற்றினால் நடக்கக் கால் வேண்டும். பிரேக் கட்டையை இன்றே பாருங்கள். அதில் உள்ள பள்ளங்கள் மறைந்திருந்தால் மாற்றுங்கள், ஒரு நாள்கூட எதற்கும் பொறுக்க வேண்டாம். கட்டையில் அலுமினியத் துகள் மின்னினால் அது உங்கள் ரிம்மைத் தின்றுகொண்டிருக்கிறது. ரிம்மின் பக்கச் சுவரை விரலால் தடவுங்கள். நடுவில் கிண்ணம் மாதிரி குழிந்திருந்தால் ரிம்மும் கிழடாகிவிட்டது. சக்கரத்தில் கோட்டம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிரேக் ஒரே இடத்தில் கடிக்கும்.

இறங்கும்போது தேய்த்துக்கொண்டே வராதீர்கள். அடிவாரம் வரை அழுத்திப் பிடித்தால் ரிம் கொதிக்கும். டியூபுக்குள் காற்றழுத்தம் ஏறி டயர் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் கொல்லுங்கள். வளைவில் விட்டுவிடுங்கள். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்துங்கள், குரங்குகளுக்கு எதுவும் கொடுக்காமல். ரிம் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று தொட்டுப் பார்க்க வேண்டாம். நான் தொட்டிருக்கிறேன்.

மாணவர், ஓமலூர்: பேட்டரி கியர் நல்லதா, ஒயர் கியர் நல்லதா?

பதில்: பேட்டரி கியர் துல்லியமாக விழும். ஒயர் கியரை நடுவழியில் நானே சரிசெய்துவிடுவேன். நீங்கள் மாணவர். ஒயர்.

இல்லத்தரசி, கன்னங்குறிச்சி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு. அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குப் போகிறாள். திரும்பும்போது எங்கள் தெரு மேடு அவளுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதில் கியர் பொருத்த முடியுமா? அல்லது ஓரிரு ஆண்டில் வேறு கியர் சைக்கிள் வாங்கும் வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லட்டுமா?

பதில்: பொருத்த வேண்டாம் அம்மா. கியர் சக்கரத்தின் அச்சு அகலம் அதிகம். உங்கள் மகளின் சைக்கிளில் பின் ஃபோர்க்கை விரித்துத்தான் நுழைக்க வேண்டும். டீரெய்லர் மாட்டவும் அதில் காது இருக்காது. சைக்கிள் விலையைவிட வேலையின் விலை கூடிப்போகும்.

ஆனால் அவள் இரண்டு ஆண்டு மூச்சு வாங்க வேண்டியதும் இல்லை. முன்னால் செயின்வீலில் பற்களை எண்ணச் சொல்லுங்கள், பின்னால் ஃப்ரீவீலிலும் எண்ணச் சொல்லுங்கள். 44-உம் 18-உம் இருந்தால், பின்னால் 22 பல் ஃப்ரீவீல் போடலாம். மேட்டில் பாரம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும். அஸ்தம்பட்டி வங்கிக்காரருக்கு மேலே சொன்ன அதே கணக்கு. சமதளத்தில் கொஞ்சம் வேகமாகக் காலைச் சுற்ற வேண்டியிருக்கும், அவ்வளவே. செயின் சற்று நீளம் போதாமல் போகலாம்; கடையில் ஒரு துண்டு சேர்த்துவிடுவார்கள். சீட்டையும் ஏற்றிவைக்கச் சொல்லுங்கள். பெடல் கீழே இருக்கும்போது அவள் கால் ஏறக்குறைய நீட்டியபடி இருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் பத்துக்கு எட்டில் சீட் தாழ்வாகத்தான் இருக்கிறது. பாதிக் கஷ்டம் அங்கேயே.

என் கடைக்குக் கொண்டுவந்தாலும் சரி. ஞாயிறு மட்டும் வேண்டாம், கடை பூட்டியிருக்கும். அன்றைக்குக் காலையில் நான் பதினோராவது வளைவுக்குப் பக்கத்தில் எங்கேயாவது இருப்பேன்.